பேங்க் கவுண்டர் வேலை: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களும், வேலை கிடைத்துக் கேஷ் கவுண்டரில் புதிதாக உட்கார்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறோம். படிவத்தின் பெயர், கம்ப்யூட்டர் மெனு, அனுமதி வரம்பு இவையெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். பணத்தைக் கையாளும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

கேஷியர், கிளார்க், சிங்கிள் விண்டோ, கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒரே வேலைதானுங்களா?

ஏறக்குறைய ஒரே வேலைதான். முன்பு பணம் வாங்க ஒருவர், கொடுக்க ஒருவர், லெட்ஜர் எழுத ஒருவர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கோர் பேங்கிங் (எல்லாக் கிளையின் கணக்கும் ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் இணைவது) வந்த பிறகு ஒரே ஜன்னலில் ஒரே ஆள் மூன்றையும் பார்க்கிறார். அதனால் வந்த பெயர்தான் சிங்கிள் விண்டோ. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ், 2025-ல் 'கிளார்க்' பதவியைக் 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று மாற்றியது. ஸ்டேட் பாங்கில் 'ஜூனியர் அசோசியேட்', கிராம வங்கியில் 'ஆபீஸ் அசிஸ்டெண்ட்'. ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு எல்லோரும் கேஷியர்தான்.

பணம் எண்ணுவதோடு வேலை முடியாது. பாஸ்புக் பதிவது, கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) வாங்குவது, ஏடிஎம் கார்டு விண்ணப்பம், கிளியரிங்குக்கு (செக் பணத்தை வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது) வரும் செக், நகைக்கடன் காகிதம் எல்லாம் இதே மேசைக்குத்தான் வரும். நம் ஊர்க் கிளைகள் பலவற்றில் பாதி நாளை நகைக்கடனே தின்றுவிடும்.

பி.காம் படிச்சாத்தான் எடுப்பாங்களா? சேலத்துலயே வேலை கிடைக்குமா?

எந்தப் பட்டமும் போதும். ஐபிபிஎஸ், ஸ்டேட் பாங்க் இரண்டுக்கும் வயது 20 முதல் 28 வரை. ஓபிசி-க்கு 3 வருடமும் எஸ்சி, எஸ்டி-க்கு 5 வருடமும் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள்: ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம்தான், ஒன்றில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். பிறகு முதன்மைத் தேர்வு. நேர்முகத் தேர்வு கிடையாது.

விண்ணப்பம் மாநில வாரியாக. தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் மாநிலத்துக்குள் எங்கும் போடுவார்கள், முதல் போஸ்டிங்கே சேலத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பக்கத்தை விட்டு அதிகம் நகர விரும்பாதவர்கள் பலர் கண்ணில் படாமல் விடுவது தமிழ்நாடு கிராம வங்கி. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரல் 1-ல் இணைந்து உருவான அந்த வங்கியின் தலைமை அலுவலகமே சேலம்தான். அதற்கு ஐபிபிஎஸ் நடத்தும் கிராம வங்கித் தேர்வு தனி, வயது 18-லிருந்தே எழுதலாம். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி உதவியாளர் வேலைக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள்.

தமிழ் மீடியத்துலதான் படிச்சேன். இங்கிலீஷ் தடுமாறும். என்னால முடியுமா?

தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 2021-ல் வந்த முடிவுக்குப் பிறகு பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வு தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும், அதற்குத் தனியாகத் தயார் செய்ய வேண்டும்.

கவுண்டரில் நிலைமை தலைகீழ். லீ பஜார் மண்டிக்காரரும் அம்மாபேட்டைத் தறிக்காரரும் தமிழில்தான் பேசுவார்கள். திணறுவது பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். சுற்றறிக்கைகளும் கம்ப்யூட்டர் திரையும் ஆங்கிலத்தில் இருக்கும். திரையில் வருவது திரும்பத் திரும்ப வரும் கொஞ்ச வார்த்தைகள்தான், சீக்கிரம் பழகிவிடும்.

சம்பளம் எவ்வளவுங்க?

வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட 12-வது இருதரப்பு ஒப்பந்தப்படி கிளார்க் அடிப்படைச் சம்பளம் ₹24,050-ல் தொடங்கி ₹64,480-ல் முடிகிறது. ஸ்டேட் பாங்கில் பட்டதாரிக்கு இரண்டு இன்கிரிமெண்ட் சேர்த்து ₹26,730-ல் ஆரம்பம். இதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி வரும். அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், குறையவும் செய்யும். தனியார் வங்கிகளில் கணக்கே வேறு, டார்கெட்டும் கூடவே வரும்.

காலைல போன உடனே என்ன செய்யணும்?

முதலில் சட்டைப்பையில் இருக்கும் சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். 'நூறு ரூபாய்தானே' என்று விடாதீர்கள். சாயங்காலம் பணம் குறைந்தாலோ, திடீர் ஆய்வு வந்தாலோ உங்களைக் காப்பது அந்த ஒரு வரி.

ஸ்ட்ராங் ரூமை ஒரு ஆள் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு ஆள்: வழக்கமாக ஹெட் கேஷியரிடம் ஒன்று, அதிகாரியிடம் ஒன்று. உங்களுக்குத் தரும் தொடக்கப் பணத்தை வாங்கிய இடத்திலேயே எண்ணுங்கள். 100 நோட்டு ஒரு கட்டு, 10 கட்டு ஒரு பண்டல். ஐந்நூறு ரூபாய்க் கட்டு ₹50,000, பண்டல் ₹5 லட்சம். நேற்று நீங்களே சுற்றிய கட்டாக இருந்தாலும் பிரித்து எண்ணிவிட்டுத்தான் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட பிறகு 99 இருந்தால், அந்த ஒரு நோட்டு உங்கள் கணக்கு.

பிறகு நோட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வரிசை. 20-ம் 200-ம் அவசரத்தில் பார்த்தால் ஒன்றாகத் தெரியும், இரண்டிலும் மஞ்சள் சாயல். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைக்காதீர்கள்.

பணம் வாங்கறப்ப மொதல்ல எண்ணணுமா, மொதல்ல பதியணுமா?

வேலையின் அடிப்படையே இந்தக் கேள்விதான். வாங்கும்போது முதலில் பணம், பிறகு பதிவு. கொடுக்கும்போது முதலில் பதிவு, பிறகு பணம். கவுண்டரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கணக்குத் தெரியாமல் வருவதில்லை. வரிசையில் யாரோ 'சீக்கிரம் சார்' என்றதும் இந்த முறை மாறுவதால் வருகின்றன.

வாங்குவது: சலானில் கணக்கு எண், பெயர், எழுத்தால் எழுதிய தொகை, பின்னால் எழுதிய டினாமினேஷன் (எந்த நோட்டு எத்தனை என்ற விவரம்) நான்கையும் பாருங்கள். பணத்தை எண்ணுங்கள். சலானில் உள்ள தொகையோடு ஒத்துப்போனால் கம்ப்யூட்டரில் பதியுங்கள், கணக்கு எண் அடித்ததும் திரையில் வரும் பெயரைச் சலானோடு ஒப்பிடுங்கள். முத்திரையும் கையெழுத்தும் போட்டு அடிக்கட்டையைக் கொடுங்கள். அதுவரை அவர் பணம் உங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது, மேசை மேலேயே தனியாக இருக்கட்டும். தகராறு வந்தால் அவர் கொடுத்ததை அப்படியே காட்ட முடியும்.

கொடுப்பது: செக் அல்லது வித்டிராயல் ஸ்லிப்பில் தேதி, தொகை, கையெழுத்து சரிபார்த்துப் பதியுங்கள். உங்கள் வரம்புக்கு மேல் இருந்தால் அதிகாரி பாஸ் செய்யும் வரை காத்திருங்கள். பிறகு பணத்தை எடுத்து, மிஷினில் ஒருமுறை கையில் ஒருமுறை எண்ணி, கொடுத்த டினாமினேஷனைச் சீட்டின் பின்னால் எழுதி, தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். 'இங்கயே எண்ணிப் பாத்துக்குங்க' என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மிஷின் இருக்கறப்போ கையால எதுக்கு எண்ணணும்?

மிஷின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். ஈரமான நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றாக எண்ணும். சாதாரண மிஷின், நூறு ரூபாய்க் கட்டுக்குள் ஒரு ஐந்நூறு இருந்தாலும் கண்டுகொள்ளாது. கட்டை ஒருமுறை கையில் விசிறிப் பார்த்தால் நிறம் மாறுவது தெரியும். உள்ளே பாதி மடிந்த நோட்டு, செலோடேப் ஒட்டிய நோட்டு எல்லாம் கைக்குத்தான் தட்டுப்படும்.

ஸ்டேப்ளர் அடித்த கட்டை வாங்கினால் பின்னைக் கவனமாக எடுங்கள், நீங்கள் அடிக்காதீர்கள். கட்டுக்குப் பேப்பர் பேண்ட் மட்டும்தான் என்பது ரிசர்வ் வங்கி விதி. நோட்டில் எண்ணிக்கை எழுதுவதும் கூடாது. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் கடைகளில் இருந்து வரும் கட்டுகளில் மேல் நோட்டில் பேனாவால் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னா எங்கிருந்து தேடறது?

பதறி முதலிலிருந்து எல்லா வவுச்சரையும் புரட்டாதீர்கள். வித்தியாசத் தொகையே வழி சொல்லும். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வருவது கம்ப்யூட்டர் இருப்பு. கையில் உள்ளதை இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். சொந்தமாக எண்ணினால் கண் அதே தவறை மறுபடியும் செய்யும். வித்தியாசம் அப்போதும் நின்றால் அந்த எண்ணைப் பாருங்கள்.

வித்தியாசம் 400 என்றால் நூறுக்குப் பதில் ஐந்நூறு போயிருக்கிறது. 300 என்றால் இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் மாற்றம். 180 என்றால் இருபதும் இருநூறும், 450 என்றால் ஐம்பதும் ஐந்நூறும். சரியாக 500 என்றால் கட்டில் ஒரு நோட்டு. 40,000 என்றால் நூறு ரூபாய்க் கட்டு போக வேண்டிய இடத்தில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு. இருநூறு கட்டாக இருந்தால் 30,000.

நோட்டு மாறவில்லை என்றால் பதிவில் பாருங்கள். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 8,750-ஐ 7,850 என்று அடித்தால் வித்தியாசம் 900. பூஜ்யம் கூடினாலும் ஒன்பதால் வகுபடும். 4,500-ஐ 45,000 என்று பதிந்தால் வித்தியாசம் 40,500, அதை ஒன்பதால் வகுத்தால் 4,500 என்ற சரியான தொகையே கையில் கிடைத்துவிடும். (180-ம் 450-ம் கூட ஒன்பதால் வகுபடும். அதனால்தான் நோட்டை முதலில் பார்க்கச் சொன்னோம்.) வரவைச் செலவாகப் பதிந்திருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காக நிற்கும், பாதியாக்கி அந்தத் தொகையை ஸ்குரோலில் (அன்றைய பதிவுகளின் பட்டியலில்) தேடுங்கள். எதிலும் சிக்கவில்லை என்றால் சிசிடிவி. சீட்டின் பின்னால் டினாமினேஷன் எழுதியிருந்தால் கேமரா பார்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

பணம் குறைஞ்சா நம்ம கைல இருந்து கட்டணுமா? கூடினா நமக்கா?

குறைந்தால் கேஷியர் அன்றே கட்டுவதுதான் வழக்கம். முடியாத தொகை என்றால் மேனேஜரிடம் எழுத்தில் தெரிவித்து, அவர் மேலிடத்துக்கு அனுப்புவார், பிறகு விசாரணை. 'நாளைக்குச் சரியாயிடும்' என்று டேலி ஆன மாதிரி கையெழுத்துப் போடுவது மட்டும் கூடாது. குறைவது தவறு. மறைப்பதற்குப் பெயர் மோசடி, அதில் வேலை போகும்.

கூடினால் நமக்கில்லை, ஒரு ரூபாயாக இருந்தாலும். அன்றே அதற்கான தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். யாராவது வந்து நிரூபித்தால் அதிலிருந்து திருப்பித் தரப்படும். நேற்றுக் கூடியதை டிராயரில் போட்டு வைத்து இன்று குறைந்ததை ஈடுகட்டும் 'சாமர்த்தியம்' சில இடங்களில் நடக்கிறது. திடீர் ஆய்வில் கணக்கில் வராத பணம் இருந்தால் எந்த விளக்கமும் எடுபடாது.

கள்ள நோட்டு வந்தா திருப்பிக் கொடுத்தா என்ன? பாவம், அவருக்கும் தெரியாதுல்ல?

கொடுக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தால் வங்கியே அதைப் புழக்கத்தில் விட்டதாகத்தான் ரிசர்வ் வங்கி எடுத்துக்கொள்ளும். கிழிக்கவும் கூடாது. அவர் கண் முன்னாலேயே அந்த நோட்டில் கள்ள நோட்டு முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுக்க வேண்டும். ரசீதில் அவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். அந்தத் தொகை கணக்கில் ஏறாது.

ஒரே பரிவர்த்தனையில் 4 நோட்டு வரை என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போலீசுக்கு அறிக்கை போகும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார், எஃப்ஐஆர். அதனால் முதல் நோட்டைப் பார்த்ததுமே சத்தம் போடாமல் மொத்தக் கட்டையும் பார்த்து முடியுங்கள். 'ஏடிஎம்-ல இருந்துதான் வந்துச்சு' என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்தவரைக் குற்றவாளி மாதிரி நடத்துவது நம் வேலை இல்லை.

ஐந்நூறை அடையாளம் காண: பாதுகாப்பு இழை சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாகும், வலது கீழே உள்ள ₹500 எண்ணும் அப்படியே. இரண்டு ஓரத்திலும் ஐந்து ஐந்து சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகும். அவசரத்தில் கண்ணை விட விரல் நம்பகமானது. அவர் போன பிறகு கண்டுபிடித்தால் யார் கொடுத்தது என்று நிரூபிப்பது கஷ்டம். எனவே எண்ணி முடிக்கும் வரை ஜன்னலை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லி நிறுத்துங்கள்.

கிழிஞ்ச நோட்டை மாத்திக் கொடுக்கறது நம்ம வேலையா? ஆர்பிஐ-க்குப் போகச் சொல்லலாமா?

நம் வேலைதான். எல்லாக் கிளையும் மாற்றித் தர வேண்டும், கணக்கு இல்லாதவருக்கும். 20 ரூபாய் வரையிலான நோட்டில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி, 40-க்குக் கீழே எதுவும் இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டு 66-க்கு 150 மில்லிமீட்டர், அதாவது 99 சதுர சென்டிமீட்டர். முழுப் பணத்துக்குச் சுமார் 80, பாதிக்கு 40 என்று நினைவில் வையுங்கள்.

ஒட்டிக் கொண்டுவந்தால் இரண்டு பக்க வரிசை எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வேறு நோட்டின் பாதிகளைச் சேர்த்த 'ஒட்டு நோட்டு' வரும். அடுப்பில் கருகி, தொட்டால் உதிரும் நோட்டை மட்டும் நாம் வாங்குவதில்லை. அதற்குச் சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகம்தான்.

பேனால கிறுக்கின நோட்டு செல்லாதாமே? பத்து ரூபா காயினும் செல்லாதுங்கறாங்க?

இரண்டும் வதந்தி. கிறுக்கல் இருக்கும் நோட்டு செல்லும், வாங்கித்தான் ஆக வேண்டும். அரசியல் அல்லது மதச் செய்தி எழுதிய நோட்டுக்குத்தான் மதிப்புக் கோர முடியாது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பஸ்ஸில் வாங்க மறுத்தார்கள் என்பதற்காகக் கவுண்டரிலும் மறுத்தால் வதந்திக்கு நாமே முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும்.

49,000 49,000-ஆ பிரிச்சுக் கட்டறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ₹50,000-ஐத் தாண்டி ரொக்கம் கட்டினால் பான் கேட்பது 1962-ம் வருட வருமான வரி விதிகளின் 114பி-யில் இருந்து வந்த பழக்கம், அதைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறார்கள். இந்த வரம்புகள் மாறக்கூடியவை. கிளைக்கு வந்த கடைசிச் சுற்றறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. ₹50,000-ம் அதற்கு மேலும் டிடி (வரைவோலை) என்றால் ரொக்கத்துக்குக் கிடையாது, கணக்கிலிருந்துதான்.

ஒரு மாதத்தில் ₹10 லட்சத்தைத் தாண்டும் ரொக்கப் பரிவர்த்தனையை வங்கி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கிறது. பிரித்துக் கட்டினாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் பங்கு: சந்தேகம் வந்தால் மேனேஜரிடம் சொல்லுங்கள், வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். 'சார், உங்க மேல ரிப்போர்ட் போகுது, பாத்துக்குங்க' என்று தெரிந்தவருக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்வதே சட்டப்படி தவறு. அதே சமயம் மாம்பழ சீசனில் மண்டிக்காரர் தினமும் பெரிய தொகை கட்டுவது சந்தேகமில்லை, அவர் தொழிலே அது. அந்தக் கணக்குக்கு எது வழக்கம் என்று தெரிந்திருந்தால்தான் வழக்கமில்லாதது கண்ணில் படும்.

தமிழ்ல எழுதின செக்கைப் பாஸ் பண்ணலாமா?

தாராளமாக. செக்கை ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி எதிலும் எழுதலாம், தமிழ்க் கையெழுத்தும் சரியே. பார்க்க வேண்டியது வேறு: தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டியிருக்கக் கூடாது. பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தியிருந்தால், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கிளியரிங்கில் போகாது. குறுக்குக் கோடு போட்ட செக்குக்குக் கவுண்டரில் ரொக்கம் தரக் கூடாது. எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் சட்டப்படி எழுத்துக்குத்தான் மதிப்பு, ஆனால் நடைமுறையில் வேறு செக் வாங்கிவிடுவதே நல்லது.

2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொகுதி தொகுதியாக இல்லாமல் பகல் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. காலையில் போட்ட செக் அன்றே பாஸாகலாம், அன்றே திரும்பவும் செய்யலாம். 'நாளைக்குள்ள கணக்குல பணம் போட்டுடறேன்' என்று செக் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கைநாட்டு வைக்கறவங்களுக்கு எப்படிப் பணம் கொடுக்கறது?

கணக்குக்காரர் நேரில் வர வேண்டும், பாஸ்புக்கோடு. பாஸ்புக்கிலும் திரையிலும் உள்ள போட்டோவோடு முகத்தைப் பார்த்து, உங்கள் முன்னால் ரேகை வைக்கச் சொல்லுங்கள். முன்பே ரேகை வைத்த சீட்டைப் பேரனோ மகளோ கொண்டுவந்தால் வாங்காதீர்கள். தொகையை உரக்கச் சொல்லி, பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள், கூட வந்தவர் கையில் வேண்டாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால், கை ரேகையோ கால் விரல் ரேகையோ வாங்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. அதாவது கிளையிலிருந்து ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். 'ஆஸ்பத்திரியில இருந்து ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புவது விதி தெரியாமல் செய்வது.

15-ம் தேதி வந்தா கூட்டம் தாங்கலைங்க. என்ன பண்றது?

மகளிர் உரிமைத் தொகை ₹1,000 வரும் நாள். 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து மாதா மாதம் இதுதான் நிலை. வருகிறவர்களில் பலருக்குப் பணம் எடுக்கும் அவசரம் இருக்காது, வந்துவிட்டதா என்று தெரிந்தால் போதும். வாசலிலேயே ஒருவரை நிறுத்தி இருப்பு மட்டும் பார்ப்பவர்களைப் பிரித்தால் வரிசை பாதியாகும். முந்தின நாளே நூறும் இருநூறும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு ஐந்நூறாகக் கொடுத்தால் அதே ஆள் சில்லறைக்கு மறுபடி வரிசையில் நிற்பார்.

'ஆயிரம் வரணும், எழுநூறுதான் இருக்கு' என்பதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் பிடித்தம் ஏதாவது இருக்கும். ஸ்டேட்மென்டைத் திறந்து எந்தத் தேதியில் எதற்குப் பிடித்தது என்று வாசித்துக் காட்டுங்கள். தெரியாமல் சேர்த்துவிட்ட இன்சூரன்ஸ் பிடித்தமாக இருந்தால் நிறுத்துவதற்கு அங்கேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்காட்டுல போஸ்டிங் போட்டுட்டாங்க. ஜாலியா இருக்குமா?

சுற்றுலா வருபவருக்கு ஜாலி. 20 கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறி இறங்குவது வேறு கதை, பலர் மேலேயே வீடு எடுத்துவிடுகிறார்கள். 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்பதால் மலைப்படி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வேலையில் உள்ள வித்தியாசம்: பனியிலும் மழையிலும் நோட்டு ஈரம் பிடிக்கும். மிஷின் பற்றி மேலே சொன்ன ஒட்டும் பிரச்சினை இங்கே தினசரி. ஈர நோட்டைக் கொஞ்ச நேரம் பிரித்துப் போட்டுவிட்டு எண்ணுங்கள். மண் சரிந்து பாதை அடைத்தால் கீழிருந்து பணம் வராது, எனவே மழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே இருப்பைப் பாருங்கள். கோடை விழா சமயத்திலும் வார இறுதியிலும் ஏடிஎம் சீக்கிரம் காலியாகும். காபி அறுவடை மாதங்களில் எஸ்டேட் கூலிக்குச் சின்ன நோட்டு நிறையக் கேட்பார்கள். மலைக் கிராமத்திலிருந்து வருபவர் பஸ் நேரத்தைப் பார்த்து வந்திருப்பார். 'சிஸ்டம் ஸ்லோ, நாளைக்கு வாங்க' என்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலமே லீவு. பேங்க்குக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது, உத்தரவிலேயே அந்த வரி இருக்கும். வங்கி விடுமுறை அந்தச் சட்டப்படிதான். ஆடிப்பெருக்குக்கும் இதே பதில். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை 2015 செப்டம்பர் முதல் விடுமுறை.

அதிகாரி அவர் பாஸ்வேர்டைக் கொடுத்து 'நீயே பாஸ் பண்ணிக்கோ'ங்கறார். பெரியவர், எப்படி மறுக்கறது?

ஒருவர் பதிய இன்னொருவர் சரிபார்ப்பதற்காகத்தான் இரண்டு ஆள் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நீங்களே செய்தால், பின்னால் எது நடந்தாலும் மாட்டுவது நீங்களும்தான். 'சார், எனக்குப் பயமா இருக்கு, நீங்களே ஒரு நிமிஷம் வந்து பாத்துடுங்க' என்று பணிவாகச் சொல்லுங்கள், மறுத்தார் என்று யாரும் எழுத முடியாது. உங்கள் ஐடியையும் யாருக்கும் தராதீர்கள், டீ குடிக்க எழுந்தாலும் லாக் அவுட் செய்யுங்கள். சொந்தக் கணக்கிலோ வீட்டார் கணக்கிலோ நீங்களே பதிவு போடக் கூடாது, பக்கத்து ஜன்னலில் வரிசையில் நில்லுங்கள்.

ஒரு பெரியவர் எஃப்டி எல்லாத்தையும் ஒடைச்சு யாருக்கோ அனுப்பணும்கறார். போனை வைக்கவே மாட்டேங்கறார். நாம கேட்கலாமா?

கேட்க வேண்டும். போன் இணைப்பில் இருந்துகொண்டே இருப்பது, காரணம் கேட்டால் மழுப்புவது, முகம் வெளிறி இருப்பது, இதுவரை அனுப்பாத வெளிமாநிலக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை வேறு வங்கிக்கு உடனே அனுப்பும் முறை) கேட்பது எல்லாம், போலீஸ் என்று சொல்லிப் போனிலேயே 'கைது' செய்து பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியின் அடையாளங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது.

கவுண்டரில் வைத்துக் கேட்டால் பதில் வராது. 'ஒரு கையெழுத்து பாக்கி இருக்குங்க ஐயா' என்று மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போய், போனை அணைக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதி 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. திரையில் வரும் பெயரை அவரிடம் வாசித்து 'இவரைத் தெரியுங்களா?' என்று கேட்டாலே பலர் யோசிக்க ஆரம்பிப்பார்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

கூடுதலாக் கொடுத்தது கஸ்டமர் போன பிறகுதான் தெரிஞ்சுது. அவர் கணக்குலதான் பணம் இருக்கே, எடுத்துக்கலாமா?

எடுக்கக் கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் கணக்கில் கை வைத்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். முதலில் மேனேஜரிடம் சொல்லி, சிசிடிவி காட்சியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நாளானால் அழிந்துவிடும். வவுச்சரின் பின்னால் எழுதிய டினாமினேஷனோடு காட்சியை ஒப்பிட்டு உறுதி செய்த பிறகுதான் போன். 'எங்ககிட்ட ஒரு கணக்கு வித்தியாசம் வருது, நீங்க வாங்கின கட்டை ஒருதடவ எண்ணிப் பாத்துச் சொல்றீங்களா' என்று கேளுங்கள். 'நீங்க அதிகமா எடுத்துட்டுப் போயிட்டீங்க' என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது.

பெரும்பாலானவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் அதிகாரியோடு நேரில் போய்க் காட்சியைப் பற்றிச் சொல்லலாம். தவறுதலாகக் கிடைத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 72 சொல்கிறது, வங்கி கடிதம் அனுப்பலாம். அதெல்லாம் முடியும் வரை அன்றைய குறைவை மேலே சொன்னபடி அன்றே எழுதிக் காட்டியிருக்க வேண்டும். பணம் திரும்பி வந்தால் ரசீது போட்டு வாங்குங்கள், கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.